லோயரய்யா பாராளுமன்றம் போன வழி

என் வீட்டுக்காரரை அரசியலுக்கு அனுப்பி வைத்தது மக்கள் இல்லை. ஹற்றனில் அப்போது இருந்த ஒரு நீதவான்தான்.

மாடு ஒன்று தோட்டத்து நாற்று மேடைக்குள் புகுந்து தேயிலைக் கன்றுகளை மிதித்துவிட்ட வழக்கு அது. மாட்டுக்காரரின் லோயராக இவர் எழுந்து நின்றார். மாடு ஏன் வேலியைத் தாண்டியது என்பதில் ஆரம்பித்து, இந்த மலையில் முதல் வேலியைப் போட்டவன் வெள்ளைக்காரன் என்பதற்குப் போய், அதற்கு முன்னால் யாருடைய மாடு எங்கே மேய்ந்தது என்று விளக்கத் தொடங்கியபோது, நீதவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மிஸ்டர் புரொக்டர், இது பாராளுமன்றம் இல்லை" என்றார். கோர்ட்டே சிரித்தது. மாட்டுக்காரரும் சிரித்தார். அபராதம் விதித்த பிறகுதான் மாட்டுக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

வேறு யாராக இருந்தாலும் கூசிப் போயிருப்பார்கள். இவர் வீட்டுக்கு வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார்.

"நீதவானே சொல்லிட்டாரு, கேட்டியா?"

"என்னங்க சொன்னாரு?"

"நான் இருக்க வேண்டிய எடம் கோர்ட்டு இல்லையாம்."

அன்றிலிருந்து அவர் கோர்ட்டில் பேசியதெல்லாம் பாராளுமன்றத்துக்கான ஒத்திகை. வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்கள் பாவம், ஒத்திகைக்கு வந்தவர்கள்போல் கூண்டில் நின்றார்கள்.

இதில் யார் பெயரும் வராது. அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எழுத்தில் மட்டும் எதற்கு? மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் லோயர்கள். நான் ஹற்றன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். அவர் ஒரு பெரிய கங்காணியின் மகன். அவருடைய அப்பா தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்கியே பெயர் வாங்கியவர். மகன் கொழும்புக்குப் போய்ச் சட்டம் படித்து, அதே ஆட்களுக்காகப் பேசிப் பெயர் வாங்கத் திரும்பி வந்தார். குடும்பத்தில் எல்லோருக்கும் தொண்டை நல்ல தொண்டை.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது சுதந்திரம் கிடைத்த வருஷத்தில். நாட்டுக்கு விடுதலை கிடைத்த கையோடு தோட்டத்து ஆட்களுக்கும் ஒரு விடுதலை கிடைத்தது. குடியுரிமையிலிருந்து விடுதலை. அடுத்தாற்போல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்கள் பெயர்களை எடுத்துவிட்டார்கள். முந்திய தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள் இப்போது இந்த நாட்டில் இருப்பதாகவே எழுத்தில் இல்லை. கொழுந்து பறிக்கிற நேரத்தில் மட்டும் இருந்தார்கள்.

பிறகு இன்னொரு சட்டம் வந்தது. இங்கேயே இத்தனை வருஷம் இருந்தோம் என்று நிரூபித்தால் விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை வாங்கிக்கொள்ளலாமாம். எங்கள் வீட்டு முன்கூடம் விண்ணப்பப் படிவங்களால் நிறைந்துவிட்டது. என் கையெழுத்து நன்றாக இருந்த பாவத்துக்கு, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த ஊரில் பிறந்தாய், எந்தத் தோட்டத்தில் எந்த வருஷம் பேர் பதிந்தாய், இந்தியாவுக்கு எத்தனை தடவை போனாய், போனால் ஏன் போனாய், போனவன் ஏன் திரும்பி வந்தாய். எங்கள் விஷயத்தில் சிரமம் இருக்கவில்லை. பெரிய கங்காணி குடும்பத்தில் ஒருவர் பிறந்தால் எழுதி வைப்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு ஆள் சம்பள இடாப்பில் ஏறினால்தான் பிறந்ததாக அர்த்தம். ஆகவே இவர் அப்பா பேரில் பிரஜை, நான் இவர் பேரில் பிரஜை.

நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவள் கொழுந்து பறிப்பவள், என் வயதுதான் இருக்கும். அவள் வளர்ந்த லயத்துக்குக் கீழேயே சிங்களக் கிராமம் என்பதால் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவனுக்கு எந்தப் பாஷையிலும் அதிகம் பேச்சு இல்லை. அவர்கள் படிவத்தை நான்தான் எழுதினேன். அதனால் நுவரெலியாவில் அரசாங்கக் கச்சேரியில் அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

அதிகாரி அவளிடம் கேட்டார்: "உன் புருஷன் பெயர் என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பக்கத்திலேயே நிற்கிறான்.

"இவர் யார்?"

"எங்க வீட்டுக்காரருங்க."

"பெயர்?"

"அது எப்படிங்க சொல்றது?"

மொழிபெயர்ப்பாளர் சொன்னதை அதிகாரி நம்பவில்லை. அவளிடம் நேராகச் சிங்களத்தில் கேட்டார். அவளும் உதவி செய்யத்தான் நினைத்தாள். நேராகச் சொல்ல முடியாததைச் சுற்றிச் சொன்னாள். "கதிர்காமத்துல இருக்காருல்ல, அந்தச் சாமிதாங்க" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதிகாரி மும்முரமாக எழுதினார். சில மாதம் கழித்து முடிவு வந்தது. மனுதாரரின் மனைவி என்று கூறப்படும் பெண்ணுக்குக் கணவரின் பெயர் தெரியவில்லை, அவர் தம்மைக் கதிர்காமத் தெய்வத்தின் மனைவி என்று கூறுகிறார், திருமணம் நிரூபிக்கப்படவில்லை, நிராகரிக்கப்பட்டது.

என் வீட்டுக்காரர் மேன்முறையீடு செய்தார். தமிழ்ப் பெண்களின் வழக்கத்தைப் பற்றி மட்டும் அவர் பேசியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு நம்பிக்கை. அவர் பெயர் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தார். நேரம் போதாமல் இன்னொரு தவணை கொடுத்தார்கள், அன்றைக்கும் போதவில்லை. கடைசியில் இரண்டாம் முறையும் நிராகரித்தார்கள். அதைச் சொல்லப் போனபோது அவள்தான் இவருக்கு ஆறுதல் சொன்னாள்.

"விடுங்கய்யா. எங்களுக்காக இவ்ளோ நேரம் யாரும் பேசினதில்ல."

அவள் மனசாரத்தான் சொன்னாள். இவரும் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

தேர்தல் அறிவித்ததும் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் கறுப்புக் காரில் வந்து இறங்கினார். ஒரு கட்சியில் முக்கியமானவர். கூடை நிறைய முந்திரிப்பழம் கொண்டுவந்திருந்தார். மெதுவாகப் பேசுவார், பேசும்போது எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வார். கொத்மலைப் பக்கத்துத் தொகுதியில் தன் கட்சிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது, ஆனாலும் உங்களைப் போன்ற ஒருவர் சுயேச்சையாக நின்றால்தான் உங்கள் சனங்களின் குரல் வெளியே கேட்கும், ஒரு ஜீப்பும் தருகிறேன் என்றார். தன் கட்சி ஆளுக்கு எதிராக நிற்பவருக்கு ஒருவர் ஏன் ஜீப் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி, குறுக்கு விசாரணையில் பெயர் போன என் வீட்டுக்காரருக்குத் தோன்றவே இல்லை.

என் அப்பாவுக்குத் தோன்றியது. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

"மாப்பிள்ள, அந்தாளு எதுக்கு ஒங்களத் தேடி வந்தாரு?"

"என் தகுதிய பாத்துத்தான் மாமா."

"கடவீதியில ஓட்டு இருக்கற தமிழாளுங்க மொத்தமா எதிர்க்கட்சிக்காரனுக்குப் போடுறதா இருக்கோம். நீங்க நின்னா ஒங்களுக்குத்தான் போடணும், மொகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல முடியுமா? அவனுக்கு அங்க கொறையும். அவரு ஆளு ஏறிருவாரு. இவ்ளோதான் விஷயம்."

"அரசியல் வேற மாமா, துணி கிழிக்கிறது வேற."

"ரெண்டுலயும் கிழிக்கிறதுதானே மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டு அப்பா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போனார். தேர்தல் முடியும் வரை அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் மேடைக்கு வேண்டிய வெள்ளைத் துணியெல்லாம் அவர் கடையிலிருந்துதான் வந்தது.

இவருக்குக் குடைச் சின்னம் கிடைத்தது. தராசு கேட்டார், வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். குடை கிடைத்ததில் ஒரு வசதி, எங்கள் பக்கம் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை. போகிற இடமெல்லாம் ஆட்கள் குடை பிடித்து நிற்பார்கள். இவர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஒரு தடவை எல்லாக் குடைகளையும் பார்ப்பார். முகம் மலர்ந்துவிடும்.

ஓட்டு இருந்தது கிராமத்துச் சிங்களவர்களிடம். அதற்குச் சிங்களம் வேண்டும். கோர்ட்டில் இங்கிலீஷ், லயத்தில் தமிழ் என்று வாழ்ந்தவர். சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவந்த சிங்களத் தபால்காரரைப் பிடித்து ஒரு பேச்சு எழுதி வாங்கினார். அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தார். அதில்தான் வினை. சிங்களத்தில் 'ப'வுக்கு இரண்டு எழுத்து உண்டு, அழுத்திச் சொல்வது ஒன்று, மெதுவாகச் சொல்வது ஒன்று. தமிழில் நமக்கு இருப்பது ஒரே 'ப'. வயிற்றுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையில் அந்த 'ப' மாறிப் போனால், வயிற்றிலிருந்து வெளியேறும் காற்று என்று ஆகிவிடும்.

கொத்மலைப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட விறாந்தையில் முதல் கூட்டம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை. நெஞ்சில் கை வைத்து, "உங்கள் வயிற்றை நான் அறிவேன், உங்கள் வயிறு நிறைய வேண்டும், அதற்காகவே நான் பாராளுமன்றம் போகிறேன்" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு மற்றதைச் சொன்னார். முன்வரிசையில் ஒரு கிழவர் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடமே அதிர்ந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். இவர் இன்னும் உருக்கமாக, அதே வசனத்தைத் திருப்பிச் சொன்னார்.

கூட்டம் முடிந்ததும் அந்தக் கிழவர் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்தார். இவரைத் தட்டிக் கொடுத்தபடியே இருந்தார். அடுத்த கிராமத்தில் நாங்கள் போய்ச் சேரும் முன்பே ஆட்கள் கூடியிருந்தார்கள். வயிற்றைப் பற்றிய பேச்சைக் கேட்க வேண்டுமாம். "பாத்தியா, பசிங்கறது எல்லாருக்கும் பொதுவான பாஷை" என்றார் இவர் ஜீப்பில் வரும்போது. தபால்காரர் எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார். நான் இவரிடம் சொல்லவில்லை. தங்களைச் சிரிக்க வைக்க மெனக்கெட்டு ஹற்றனிலிருந்து வருகிற ஒரு தமிழ் லோயரை அந்தச் சனங்களுக்குப் பிடித்துப் போயிருந்தது. அதை ஏன் கெடுப்பானேன்?

இப்படியே விட்டிருந்தால் ஒருவேளை மானமாகவாவது தோற்றிருப்பார்.

தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் இவருக்குத் தோட்டத்தில் கூட்டம் போடாமல் தூக்கம் வராது. கிராமத்தில் ஐம்பது பேர் சிரித்தார்கள். தோட்டத்தில் ஆயிரம் பேர் கை தட்டுவார்களே! தோட்டத்துத் துரை உள்ளே விடமாட்டார் என்பதால் ரோட்டோரத்து மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு பொழுது சாய்கிற நேரத்தில் மேடை போட்டார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு ஆட்கள் கூடையோடு அப்படியே வந்து நின்றார்கள். இவர் தமிழில் பேசினார். தமிழில் இவர் பேசினால் எனக்கே புல்லரிக்கும், சும்மா சொல்லக்கூடாது.

பேச்சு முடிந்ததும் நோர்வூட் பக்கத்து அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா, கேளு."

"எங்க யாருக்கும் ஓட்டு இல்லீங்களே. பின்ன எதுக்குங்க எங்ககிட்ட வந்து ஓட்டு கேக்குறீங்க?"

எந்த நீதவானும் அவரை அப்படி நிறுத்தியது கிடையாது. மைக்கை விட்டுவிட்டு மேடை ஓரத்துக்கு வந்தார். "ஓட்டு இல்லாட்டி என்னம்மா, நீங்க இருக்கீங்கன்னு காட்டுங்க. ஞாயித்துக்கிழம ஊர்வலம் போவோம். நாட்டுக்கே தெரியட்டும்" என்றார்.

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஓட்டத்தானே எடுத்தாங்க, காலு இருக்குதில்ல. நடந்து காட்டிருவோம்யா" என்றாள்.

நடந்து காட்டினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தெல்லாம் லொறியிலும் கால்நடையாகவும் வந்தார்கள். தப்பு முழங்கியது. மழை வேறு, குடை உள்ளவர்கள் குடையோடு, இல்லாதவர்கள் கொங்காணி என்று நாங்கள் சொல்லும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. மலையிலிருந்து பாதை பாதையாக இறங்கி, இவருடைய பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே கொத்மலைக் கிராமங்களின் வழியே போனார்கள். ஜீப்பின் மேல் நின்று இவர் கும்பிட்டுக்கொண்டே வந்தார். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

கிராமத்தில் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ரொட்டி கொடுத்த கிழவர் வேலியோரமாக நின்றிருந்தார். சிரிக்கவில்லை. நான் இறங்கிப் போய் வணக்கம் சொன்னேன்.

"நோனா, இவ்வளவு பேரும் எங்கேயிருந்து வந்தார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "எங்கேயிருந்தும் வரவில்லை ஐயா. இங்கேதான் இருக்கிறார்கள்."

அவரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். அவர் முகம் இன்னும் வெளிறிப் போயிற்று. இரண்டு மைல் தள்ளி மலைமேல் இத்தனை பேர் தன் ஆயுள் முழுக்க இருந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரிய மனிதருடைய கட்சி வேட்பாளருக்கு அதன் பிறகு பேச்சே தேவைப்படவில்லை. மறுநாள் அதே கிராமங்களுக்குப் போய், "பார்த்தீர்கள்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாராம். கடைவீதித் தமிழ் ஓட்டுகள், என் அப்பா சொன்னபடியே, எதிர்க்கட்சிக்காரரிடமிருந்து பிரிந்து இவருக்கு விழுந்தன. கிராமத்து ஓட்டில் இவருக்கு வந்தவற்றைக் கையால் எண்ணலாம். கட்சி வேட்பாளர் ஜெயித்தார். இவருக்குக் கட்டுப்பணம்கூடத் திரும்பவில்லை. பெரிய மனிதரிடமிருந்து தந்தி வந்தது: உங்கள் துணிச்சலை மனதாரப் பாராட்டுகிறேன். ஜீப்பைத் திருப்பி எடுத்துப் போக டிரைவரும் அதே நாளில் வந்தார்.

அந்த ஊர்வலம்தான் தோற்கடித்தது என்று இவரிடம் அப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்கள் மட்டும் வந்து மன்னிப்புக் கேட்டார்கள், ஏதோ தாங்கள்தான் ஓட்டுப் போட மறந்துவிட்டதுபோல.

இதன் பிறகு எட்டு வருஷம் அவர் கோர்ட்டுக்குப் போனார், ஆனால் மனசு போகவில்லை. சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. இவர் மறுபடி தபால்காரரைப் பிடித்து எழுத்தையே கற்றுக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு இரண்டு 'ப' இருப்பது தெரிந்தது. பழைய பேச்சை எழுதியிருந்த தாளைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டார். கொழும்புப் பெரிய மனிதருக்கு வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்பத் தவறியதில்லை. அந்த மனிதர் இதற்குள் இரண்டு தடவை கட்சி மாறியிருந்தார். வாழ்த்து மட்டும் முகவரி மாறாமல் போய்ச் சேர்ந்தது.

அந்த வாழ்த்துகள் வீண் போகவில்லை. அறுபதாம் வருஷத்துத் தேர்தலுக்குப் பிறகு பெரிய மனிதர் ஆட்சியில் இருந்தார். பாராளுமன்றத்தில் தேர்தலில் வரமுடியாதவர்களுக்காகச் சில நியமன ஆசனங்கள் உண்டு. ஒரு காலை டெலிபோன் வந்தது, கீழே இருந்த மருந்துக்கடைக்கு. எங்களுக்கு அப்போது சொந்த டெலிபோன் இல்லை. இவர் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி நுரையோடு ஓடினார். திரும்பி வரும்போது மறு கன்னத்து நுரை காய்ந்து போயிருந்தது.

"என்னங்க?"

"என்னை மெம்பராப் போட்டுருக்காங்க."

ஓட்டில்லாத சனங்களுக்கு ஓட்டு வாங்காத ஒரு பிரதிநிதி. இதைவிடப் பொருத்தமாக யாராலும் செய்திருக்க முடியாது. அப்பா கடையிலிருந்து சரிகைச் சால்வை அனுப்பினார். கூடவே ஒரு சொல்லும் அனுப்பினார்: "இந்தத் தடவ ஊர்வலம் வேணாம்னு சொல்லு."

அவருடைய முதல் பேச்சைக் கேட்க நான் கொழும்புக்குப் போனேன். கடலைப் பார்த்த கட்டடம்; மேலே பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்தேன். இவர் எழுதி வைத்திருந்தது குடியுரிமையைப் பற்றி. நுவரெலியா கச்சேரியில் நடந்ததெல்லாம் அதில் இருந்தது. பேசுவதற்குச் சற்று முன்னால் ஆளும் கட்சிக் கொறடா வந்து குனிந்து ஏதோ சொன்னார். இவர் தலையை ஆட்டினார். எழுந்து, ராகலையிலிருந்து லீக்ஸ், கோவா மரக்கறிகளைக் கொண்டுவரும் லொறிகளுக்கு நல்ல ரோட்டுத் தேவை என்று பேசினார். அழகாகத்தான் பேசினார். நேரம் முடிந்ததும் மணி அடித்தது, உடனே உட்கார்ந்துவிட்டார். மாட்டு வழக்கிலேயே உட்காரத் தெரியாத மனிதர்!

வெளியே வந்ததும் கேட்டேன். "எழுதினத ஏன் பேசலீங்க?"

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு."

"எப்பங்க அந்த நேரம்?"

"அத அவங்க சொல்லுவாங்க."

நாலு வருஷம் காத்திருந்தார். அவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கினார், இறக்கச் சொன்னபோது இறக்கினார். அதற்குள் எங்களுக்குச் சொந்த டெலிபோன் வந்தது, கார் வந்தது, வாசலில் பெயர்ப் பலகை வந்தது. ராகலை ரோட்டில் ஒரு பகுதிக்குத் தார்கூடப் போட்டார்கள், அதை மறைக்கக்கூடாது.

பிறகு ஒப்பந்தம் வந்தது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் டெல்லியில் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். இவர் அதைத் தெரிந்துகொண்டது எங்கள் எல்லோரையும் போல ரேடியோவில்தான். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போய் அலுமாரியில் எதையோ தேடினார். கையில் எடுத்தது, நாலு வருஷத்துக்கு முன்னால் பேசாமல் விட்ட அந்தப் பேச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்தேன். எங்கள் வாசல் படியிலிருந்து தெரு வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் இல்லை, தப்பு இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதல் படியில் அந்தப் பெண்ணும் அவள் புருஷனும். அவளுக்கு முன்தலை நரைத்திருந்தது.

இவர் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். "நான் கொழும்புல இருக்கேன்னு சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். வாசலில் கார் நின்றது. படியோரத்தில் அவருடைய செருப்பு கிடந்தது. அவள் காரைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பரவால்லீங்கம்மா. ஐயா வந்ததும் ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நாங்க போகணுங்களா, இருக்கணுங்களா? எங்களுக்கு அங்க யாருமில்ல. இவரு போயிருவோங்கறாரு, நா இருப்போங்கறேன். ஐயா என்ன சொல்றாங்களோ அதக் கேட்டுக்கறோம்."

என்னால் பொய்யைத் தொடர முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. பின்னால் கதவு திறந்தது. பனியனும் சாரமுமாக இவர் வெளியே வந்தார். சால்வை இல்லை. எல்லோரும் எழுந்தார்கள், உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவளுக்கு இரண்டு படி மேலே தானும் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "என்னை யாரும் கேக்கல."

என் அறிவில் அவர் பேசிய பேச்சுகளில் ஆகச் சிறியது அதுதான். கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. அவள் மட்டும், "சரிங்கய்யா" என்றாள். இவர் உள்ளே திரும்பி, எல்லோருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னார். வீட்டில் இருந்த சட்டிகள் போதாமல் மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து அண்டா வாங்கிவந்தோம். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குக் குறைந்தது. மீதிப் பாதியை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பாராளுமன்றம் அந்த வருஷக் கடைசியில் கலைந்தது. அடுத்த நியமனப் பட்டியலில் இவர் பெயர் இல்லை. பெரிய மனிதர் மறுபடி கட்சி மாறுவதில் மும்முரமாக இருந்தார், தந்தி அனுப்ப நேரம் இருந்திருக்காது. இவர் கார் டிரைவரை நிறுத்திவிட்டு, பழைய கறுப்புக் கோட்டைத் தேடி எடுத்தார். வயிற்றுப் பக்கம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. முதல் நாள் கோர்ட்டில் கடன் தகராறோ அடிதடியோ ஒன்று. கால்மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்குக் காய்ச்சலோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நோர்வூட்டுக்காரியும் அவள் புருஷனும் இருப்பதாகத் தீர்மானித்தார்கள். அவள் ஜெயித்தாள் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம், இரண்டு பேரும் மூன்று நாள் சண்டை போட்டுக் களைத்துப் போய், இங்கே இருந்தால் மூட்டை கட்ட வேண்டாமே என்று அவன்தான் சொன்னானாம். புதுப் படிவங்கள் வந்ததும் முதல் ஆளாக எழுத வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன முடிவு வந்தது என்று அறிய வருஷக்கணக்காகும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அறுபத்தைந்தாம் வருஷத்துத் தேர்தலில் ஒரு வேட்பாளர் இவரை மேடையில் பேசக் கூப்பிட்டார். இவர், நுவரெலியாவில் வழக்கு இருக்கிறது என்றார். அன்று கோர்ட்டு விடுமுறை என்பது கூப்பிட்டவருக்கும் தெரியும். ஓட்டுப் போடும் நாளில் நாங்கள் இருவரும் நடந்தே போனோம். வழியில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருத்தி, "போய்ட்டு வாங்கய்யா, எங்களுக்கும் சேத்துப் போடுங்க" என்று கூவினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இவரும் கையை உயர்த்திச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வேறு பாதையால் வீட்டுக்கு வந்தோம். யாருக்குப் போட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.